வெள்ள நேரத்தில் பேஸ்புக்கைப் பார்த்து வரைபடம் போடுகிறவர்கள் விடும் பிழைகள்

மழை தொடங்கினால் எங்கள் ஊர்க் குழுவில் ஒரு வேலை தானாகவே என் தலையில் விழும். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வருகிற வெள்ளச் செய்திகளைப் பொறுக்கி, ஊர்வாரியாக எக்செலில் போட்டு, உதவி முதலில் எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். முதல் வருசம் நான் போட்ட வரைபடத்தில் மட்டக்களப்பு நகரமும் கல்லடியும் சிவந்து கிடந்தன. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வெறுமையாக இருந்தது. அங்கே பிரச்சினை இல்லையாக்கும் என்று நினைத்தேன்.

கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதியை வெள்ளம் மூடினால் அப்பால் உள்ள ஊர்களுக்குத் தோணிதான். கறண்ட் இல்லை, சிக்னல் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அங்கிருந்து யார் படம் போடுவது? 2012 ஒக்டோபரில் சாண்டி சூறாவளி அடித்தபோது நியூயோர்க்கிலும் இதே கதைதான். 2 கோடிக்கு மேல் வந்த ட்விட்டர் பதிவுகளில் பெரும்பங்கு மன்ஹாட்டனிலிருந்து. மோசமாக அடிபட்ட கடற்கரைப் பகுதிகளிலிருந்து வந்தவை கொஞ்சம்தான். இப்போது காலையில் நான் முதலில் தேடுவது ஒன்றுமே போடாத ஊரை. வழமையாகச் சத்தம் போடுகிற ஊர் திடீரென்று அடங்கினால் உடனே அந்த ஊர்க் கிராம அலுவலரான விதானையாருக்கு ஒரு கோல்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரே படம் பத்துக் குறூப்பில் வந்தால் பத்து வெள்ளம் அல்ல. பலமுறை கைமாறியது என்று வட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டுகிற செய்தியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நேரத்திலும் ஏமாறுவோம். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்த படம் ஒன்று, ஓரமாக நீலக் குடையோடு ஒருவர் நிற்பார். மூன்று மாரியாக அதே மனுசன், அதே குடை, "இப்ப திறந்தாச்சு" என்ற அதே வரி. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் கமரா பதிந்த நேரமும் இடமும் கழன்றுவிடும். நமக்குத் தெரிவது செய்தி வந்த நேரம் மட்டும். டொக்கியுமென்டாக அனுப்பச் சொன்னால் அந்த விபரம் பெரும்பாலும் தங்கும்.

"வெள்ளம்" என்ற ஒரு சொல்லை மட்டும் தேடுவது இன்னொரு பிழை. சனம் "தண்ணி ஏறிட்டு" என்று எழுதும், அதையும் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில். வாவி கடலோடு சேரும் வாய்தான் முகத்துவாரம்; அதை மூடிய மணலை வெட்டினால் வெள்ளம் கடலுக்கு ஓடும். "முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்ற கேள்வி நாலு பக்கத்திலிருந்தும் வரத் தொடங்கினால், வாவியோர வளவுகளில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். வெளியூர் மென்பொருளுக்கு இது எங்கே விளங்கப்போகிறது!

உதவி கேட்டவர்களின் பெயர், போன் நம்பரோடு பட்டியலை அப்படியே பொதுவில் போடாதீர்கள். எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பெண்ணுக்கு வெள்ளம் வடிந்த பிறகும் இரவு இரவாகக் கோல் வந்தது. பிழை எங்களுடையது.

கூரையில் நிற்கிறோம் என்று ஒரு செய்தி வந்தால் எக்செலை மூடிவிட்டு முதலில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடியுங்கள். வரிசையில் பதிவதைப் பிறகு பார்க்கலாம்.