கப்பல் அறையைக் குளிர வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று சென்று திரும்பும் உல்லாசக் கப்பல்களில் முதன்முறையாகப் பயணம் செய்பவர்களே அதிகம். குளிர்சாதனப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு, முதல் இரவில் எந்தெந்தப் புகார்கள் வரும் என்பது மனப்பாடம். அவற்றுள் பாதி, நாங்களே பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் அறைகளில் செய்து பார்த்தவைதான். வெயில் நேரத்தில் திரையை இழுத்து மூடுவது போன்று வீட்டிலேயே பழகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தெர்மோஸ்டாட்டை அடிமட்டம்வரை இறக்குவது

உங்கள் அறையில் கம்ப்ரஸர் எதுவும் கிடையாது. கப்பலின் கீழ்த்தளத்தில் இருக்கும் பெரிய சில்லர்கள் தண்ணீரை ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்துக் குழாய்கள் வழியாகக் கப்பல் முழுவதும் அனுப்புகின்றன. பெரும்பாலான புதிய கப்பல்களில், அறைக் கூரைக்கு மேலே உள்ள ஒரு சிறு சுருளும் விசிறியும் அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியை அறைக்குள் தள்ளுகின்றன. நீங்கள் வெப்பநிலையைக் குறித்து வைக்கும் தெர்மோஸ்டாட் செய்வதெல்லாம் தண்ணீர் வரும் வால்வைத் திறப்பதும் மூடுவதும்தான். ஆகவே 22 என்று வைத்தாலும் 18 என்று வைத்தாலும் வருவது அதே குளிர்நீர். அறை விரைவாகக் குளிராது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் போகும், அவ்வளவே. விடியற்காலை மூன்று மணிக்குக் குளிரில் நடுங்கியபடி இரண்டாவது புகாரைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மாலையில் வியர்வையோடு முதல் புகாரைக் கொடுத்தவர்களே.

ஏறிய ஒரு மணி நேரத்திற்குள் புகார் செய்வது

காலை முழுவதும் சுத்தம் செய்வதற்காகத் திறந்து கிடந்த அறை அது. இரவு உணவு முடியும்வரை பொறுங்கள்.

பால்கனிக் கதவின் உணரியை ஏமாற்றுவது

பல கப்பல்களில் பால்கனிக் கதவின் சட்டத்தில் ஒரு சிறு காந்த உணரியைப் பொருத்தியிருப்பார்கள். கதவைத் திறந்ததும் அறையின் குளிரூட்டல் தானாக நின்றுவிடும். கடற்காற்றும் வேண்டும், குளிரும் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை அதன்மேல் ஒட்டி, கதவு மூடியிருப்பதாக அதை நம்ப வைத்துவிடுகிறார்கள். இந்த வித்தையை ஒருவர் மற்றவருக்குப் பெருமையோடு சொல்லிக்கொடுப்பதை லிஃப்டில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். சீருடையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மலாக்கா நீரிணையில் இரவுக் காற்று 28 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருப்பது சாதாரணம். அத்தகைய காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். 22 டிகிரியில் இதமாக இருக்கும் அறைக் காற்றில் அதில் பாதிகூட இராது. ஒரு பால்கனி அறையின் கொள்ளளவை 40 கனமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்று ஒரே ஒருமுறை வெளிக்காற்றாக மாறினாலே ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் கூடுதலாக உள்ளே வந்துவிடுகிறது. ஓடும் கப்பலில் திறந்த கதவு வழியாகக் காற்று ஒரு மணி நேரத்தில் பலமுறை மாறும். அந்தக் காற்று, 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும், குளிர்ந்த மோர்ச் செம்பின்மேல் வியர்ப்பதைப் போல, நீராகப் படியும். முதலில் நனைவது காற்று வரும் கிரில்லும் அதைச் சுற்றியுள்ள உலோகக் கூரைத் தகடும். பிறகு கண்ணாடி, சுவர், மெத்தை.

ஒரு புக்கெட் பயணத்தில், நள்ளிரவு தாண்டி, கூரையிலிருந்து மழை பெய்கிறது என்று அழைப்பு வந்தது. ஏணியோடு உள்ளே நுழைந்தபோது கம்பளம் காலடியில் சளக் சளக்கென்றது. சுருளுக்குக் கீழே உள்ள வடிதட்டின் மெல்லிய குழாயால் அவ்வளவு நீரையும் இறக்க முடியாமல் தட்டு நிரம்பி, கப்பல் இலேசாகச் சாயும்போதெல்லாம் ஒரு பக்கமாகத் தளும்பிக் கட்டிலின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. உங்கள் ஏசியில் லீக் இருக்கிறது என்று அந்தப் பெரியவர் என்னைக் கடிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் கதவுச் சட்டத்தில் மெர்லயன் உருவக் காந்தம் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துக் கையில் கொடுத்தபோது, குழந்தைகள் விளையாட்டாக ஒட்டியிருப்பார்கள் என்றார்.

கூரைத் தகடுகளைக் கழற்றி, ஊறிப்போன காப்புப்பொருளை அகற்றி, ஊதுவிசிறி வைத்து உலர்த்தினோம். காலி அறை ஒன்றுகூட இல்லாத பயணம் அது. இரைச்சலுக்கு நடுவே அந்தக் குடும்பம் அதே அறையில்தான் தூங்கியது. கீழ்த்தளத்து அறையின் கூரையிலும் கறை இறங்கியது. அந்த அறையில் இருந்தவர்கள் தங்கள் பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லை. பயணி விளைவிக்கும் சேதத்தின் செலவை அவர் கணக்கிலேயே சேர்க்கப் பயண ஒப்பந்தங்கள் பொதுவாக இடம் தருகின்றன என்பதையும் காந்தத்தோடு வருபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காற்று வேண்டுமா? குளிரூட்டல் நிற்கட்டும் என்று விட்டு, கதவைத் திறந்து, வேண்டுமளவு உட்காருங்கள். தூங்கப் போகுமுன் தாழ்ப்பாள் விழும்வரை அழுத்தி மூடுங்கள். முக்கால்வாசி மூடிய கதவை உணரி மூடியதாக ஏற்பதில்லை. பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது நடைபாதைக் கதவைத் திறக்காதீர்கள். இழுக்கும் காற்றில் அது அறைந்து சாத்தும் வேகத்திற்குக் குழந்தைகளின் விரல்கள் தாங்காது.

கிரில்லைத் துண்டால் அடைப்பது

முகத்தில் குளிர் அடிக்கிறது என்று துண்டைச் செருகுபவர்கள் உண்டு. பல அறைகளில் தூய காற்று வருவதும் அதே வழியில்தான். குளியலறை உறிஞ்சியோ ஓயாமல் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் நடைபாதைக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வரும், துண்டும் ஈரமாகும். கிரில்லின் இதழ்களை வேறு பக்கம் திருப்பித் தரும்படி அறை உதவியாளரிடம் கேளுங்கள். அவர் எங்களை அனுப்புவார்.

அறைக்குள் துணி காயப்போடுவது

குளியலறையில் மட்டும், கதவை மூடி.

ஹீட்டர், அயர்ன்பாக்ஸ் கொண்டுவருவது

ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஏசி வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்வது

காற்று வருகிறதா, வந்தால் குளிராக வருகிறதா, தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண் என்ன, எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறது என்பவற்றைச் சொன்னால், விசிறியா வால்வா என்பதைக் கீழே இருந்தபடியே ஊகித்து உரிய கருவியோடு மேலே வர முடியும். கூடுமானால் இரவு பத்து மணிக்கு முன்பே அழையுங்கள். அதற்குப் பிறகு பணியில் இருப்பவர்கள் மிகச் சிலரே.