மாணவரே வினா எழுதட்டும்

ஒரு பாடம் முடிந்த மறுநாள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் பாடத்திலிருந்து நான்கு தெரிவுகள் கொண்ட இரண்டே வினாக்களை எழுதும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். தொடக்கத்தில் நான் ஆளுக்குப் பத்து வினாக்களை வீட்டிலிருந்து எழுதிவரச் சொன்னேன். வந்தவற்றில் பெரும்பாலானவை பாடப் பயிற்சியிலிருந்தும் கையேடுகளிலிருந்தும் அப்படியே எடுத்தெழுதப்பட்டவை. எண்ணிக்கையைக் குறைத்து, வகுப்பிலேயே எழுத வைத்த பிறகுதான் அவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

ஆளுக்கு அரைத்தாள் கொடுங்கள். முன்பக்கத்தில் வினாவும் தெரிவுகளும், பின்பக்கத்தில் விடையும் ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு வரி விளக்கமும் இருக்க வேண்டும். பெயருக்குப் பதிலாக ஓர் எண் போதும். எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

உழைப்பு முழுவதும் தவறான மூன்று தெரிவுகளில்தான் இருக்கிறது. பாடத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டவர் எந்த விடையை நம்பித் தேர்ந்தெடுப்பார் என்று யோசித்து எழுத வேண்டும். அப்படி யோசிக்கும்போதே எழுதுபவருக்குத் தம் சொந்தக் குழப்பமும் தெரியவரும். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான நிறமி எது?’ என்பது நினைவாற்றலை மட்டுமே சோதிக்கிறது. ‘2 கிலோ எடையுள்ள கன்று சில ஆண்டுகளில் 70 கிலோ மரமாக வளர்ந்தது, கூடிய எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டு, மண்ணிலுள்ள சத்துகள், சூரிய ஒளி, வேர் உறிஞ்சிய நீர், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு எனத் தெரிவுகள் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. சரியான விடை கடைசித் தெரிவு. ‘மண்’ என்பவர் உரத்தை உணவு என்று எண்ணுகிறார். ‘ஒளி’ என்பவர் ஆற்றலையும் பொருளையும் ஒன்றாக்குகிறார். ‘நீர்’ என்பதோ அறிவியலாளர் ஒருவரே நம்பிய விடை. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட், எடைபோட்ட மண்ணில் வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியும் மண்ணில் சில பத்து கிராம்களே குறைந்ததைக் கண்டு, எடை முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று முடிவு செய்தார்.

அடுத்தது மதிப்பாய்வு. தாள்களைக் கலைத்து மாற்றிக் கொடுங்கள். மதிப்பாய்வு செய்பவர் பின்பக்கத்தைப் பார்க்காமல் முதலில் தாமே விடையளித்து, காரணத்தையும் எழுத வேண்டும். விடையைப் பார்த்துவிட்டால் எந்த வினாவும் தெளிவாகவே தோன்றும். பிறகு, சரியான விடை ஒன்றுதானா, சரியான தெரிவு மட்டும் நீளமாக இருந்து தன்னைக் காட்டிக்கொடுக்கிறதா, யாருமே தேர்ந்தெடுக்க மாட்டாத தெரிவு ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். ‘நன்று’ என்று மட்டும் எழுதப்பட்ட மதிப்பாய்வை நான் ஏற்பதில்லை.

மேற்கண்ட மர வினாவிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான் என்பதால், ‘நீர்’ என்ற விடையையும் வாதாடி நிலைநாட்டலாம். ‘நன்கு உலர்த்திய பிறகு’ என்ற மூன்று சொற்களைச் சேர்த்தால் ஓட்டை அடைபடும். கவனமாகப் படிக்கும் மாணவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த வாதத்திற்காக வகுப்பில் பத்து நிமிடம் செலவழிக்கத் தயங்காதீர்கள். திருத்தும் பொறுப்பு எழுதியவருடையது. இருவரும் உடன்படாத தாள்களை மட்டும் ஆசிரியர் பார்த்தால் போதும்.

இணைய வசதி இருந்தால், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் டென்னி உருவாக்கிய பியர்வைஸ் (PeerWise) என்ற இணையதளம் இதே வேலைக்கு உதவும். அதில் மாணவர்கள் தெரிவுகளோடும் விளக்கத்தோடும் வினாவைப் பதிவிட, மற்றவர்கள் விடையளித்து, தரத்தையும் கடினத்தையும் மதிப்பிடுகிறார்கள். கைப்பேசிச் செயலியை வினா எழுதச் சொல்வது வேறு. அதில் மாணவர் செய்ய வேண்டிய வேலையே காணாமல் போகிறது.

மதிப்பாய்வுக்கு மதிப்பெண் தராதீர்கள். தந்தால் நண்பர்கள் ஒருவருக்கொருவர் தாராளமாகிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, தேறிய வினாக்கள் சிலவற்றை அடுத்த வகுப்புத் தேர்வில் சேர்த்து, எந்தத் தெரிவை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தாளின் ஓரத்தில் குறித்து, வினா எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஒருவரும் தொடாத தெரிவை மாற்றி எழுதுவது அவருடைய அடுத்த வேலை.