இரண்டு வாரம், மூன்று கடல்: சென்னையிலிருந்து குமரிவரை கரையோரப் பயணம்

தமிழகக் கடற்கரையை வரைபடத்தில் பார்த்தால் சென்னையிலிருந்து குமரிவரை ஒரே கோடுதான். ஆனால் அங்கே இருப்பது மூன்று கடல். கோடியக்கரைவரை தடுப்பே இல்லாத வங்கக்கடல். அங்கிருந்து கரை மேற்கே வளைந்து இராமேஸ்வரம்வரை போவது பாக் நீரிணைப் பகுதி. எதிரே இலங்கை மறைப்பதால் ஆழம் குறைவு, அலையும் குறைவு. இராமேஸ்வரத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. தீவு மக்கள் வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் இது தலைகீழாகும். சிங்கப்பூரிலிருந்து போகும் நாம் பிள்ளைகளைக் கடலில் இறக்கப்போகிறோம் என்றால், விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எப்போது போவது

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் போய்விடுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, கோடியக்கரையில் பறவைகளும் இருக்கும்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வழி இரண்டுதான்: ஜூன் விடுமுறை, ஆண்டிறுதி விடுமுறை. ஜூன் விடுமுறையில் வடக்குப் பகுதி கொதிக்கும். மாமல்லபுரத்தில் காலை பத்து மணிக்கே பாறை சுடும். ஜூனில் இன்னொரு சிக்கல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் போகும் என்றாலும் மீன் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். கடல் உணவுக்காகவே போகிறவர்கள் ஜூன் இரண்டாம் பாதியில் கிளம்புங்கள்.

ஆண்டிறுதி விடுமுறையில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது. நவம்பரைத் தவிர்த்து, டிசம்பர் நடுவுக்குப் பிறகு புறப்படுவது நல்லது. அப்போதும் தங்குமிடங்களை ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே பதிவு செய்யுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் உள்நாட்டுக்கு ஒதுங்கிவிட வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 80 கிலோமீட்டர். பெரிய கோயிலையும் அரண்மனையையும் பார்த்தபடி இரண்டு நாளைக் கழித்துவிடலாம்.

தாள் வேலை

சென்னையில் இறங்கி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதுபோல் சீட்டு எடுங்கள். திரும்பச் சென்னைக்கு வரும் 700 கிலோமீட்டர் மிச்சம். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இ-விசா போதும். விண்ணப்பப் பக்கம் நான்கு நாள் முன்பு என்று சொன்னாலும் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயர் வரிசைக்கும் விண்ணப்பத்தில் எழுதும் வரிசைக்கும் பொருந்தாமல் போவதுதான் தமிழர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல். அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு விசா வேண்டாம். ஆனால் சிங்கப்பூருக்குத் திரும்பி நுழையும் அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) இருப்பவர்கள் அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். தொல்லியல் துறைச் சின்னங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இந்தியருக்கு உள்ள கட்டணமே அவர்களுக்கும். மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. தமிழ் பேசுகிறோம், யார் கேட்கப்போகிறார்கள் என்று உள்ளூர்ச் சீட்டு எடுக்காதீர்கள். வாசலில் அடையாள அட்டை கேட்டால் பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வேண்டிவரும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று, விடுதிகளில் படிவம் சி என்று சொல்லப்படும் பதிவு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரைத் தங்கவைத்தால் விடுதி அந்த விவரத்தைக் குடிநுழைவுத் துறைக்கு இணையம் வழியே அனுப்ப வேண்டும். பதிவு செய்யாத சிறு லாட்ஜுகள் இரவு ஒன்பது மணிக்கு, அறை காலியாக இருந்தாலும், இல்லை என்று அனுப்பிவிடும். சிதம்பரத்துக்குத் தெற்கே இது அடிக்கடி நடக்கும். போனில் பதிவு செய்யும்போதே "சிங்கப்பூர் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

ட்ரோன் கொண்டுபோக வேண்டாம். செயற்கைக்கோள் போனும், மலையேறுவோர் வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளும் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாதவை. நம் பேநவ் பணப் பரிமாற்றச் சேவையால் அங்கே கடையின் கியூஆர் குறியீட்டுக்குப் பணம் கட்ட முடியாது. சிறிய நோட்டுகள் நிறைய வேண்டும். படகுக்காரரிடமும் இளநீர்க் கடையிலும் 500 ரூபாய்க்குச் சில்லறை கிடைக்காது.

வண்டியை ஓட்டுநரோடு எடுங்கள். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் கணக்கு, ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், புதுச்சேரிக்கும் கேரளாவுக்கும் பர்மிட் செலவு யாருடையது என்ற நான்கையும் புறப்படும் முன் எழுத்தில் வாங்குங்கள். வண்டியைத் திருவனந்தபுரத்தில் விட்டால், அது காலியாகத் திரும்பும் தூரமும் உங்கள் கணக்கில்தான் வரும்.

முதல் ஐந்து நாள்: வங்கக்கடல்

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகாமல் நேரே மாமல்லபுரம். ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் முதல் சில நாள் காலை நாலரைக்கே விழிப்பு வரும். அதை வீணாக்காதீர்கள். கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் சூரியன் எழுவதைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு, வாயில் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போகலாம். ஐந்து ரதங்களுக்கும் அதே நாளில் அதே சீட்டு. பெரிய பாறைச் சிற்பத்தில் பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் நிற்கும் எலிகளையும் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சாளுவன்குப்பம் புலிக்குகை ஐந்து கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அதன் அருகில் வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலைப் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அலைச்சறுக்குப் பழக வடக்கே கோவளம் மீனவக் கிராமம். பாடம் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் நல்லது. வெயில் ஏறினால் கடல்காற்று எழுந்து அலையைக் குலைத்துவிடும்.

இங்கே குளிப்பதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் செந்தோசாவிலும் அலைத்தடுப்புக்குள் குளித்துப் பழகியவர்கள் நாம். இங்கே அப்படி எதுவும் கிடையாது, பெரும்பாலான கரைகளில் உயிர்காவலரும் இல்லை. இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாக, மணல் கலங்கிய நிறத்தில் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. பார்க்க அமைதியாக இருப்பதால்தான் குடும்பங்கள் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கின்றன. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, அதில்தான் களைத்து மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் முப்பது நாற்பது மீட்டர் நீந்தினால் இழுவை விட்டுவிடும், பிறகு அலையே தள்ளிக்கொண்டு வரும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

புதுச்சேரிக்கு இரண்டு இரவு ஒதுக்கலாம். நாள் குறைந்தால் வெட்ட வேண்டியது இதைத்தான். முக்குளிப்பு உரிமம் உள்ளவர்கள் அட்டையைக் கொண்டுபோங்கள். பெருமழைக்குப் பின் ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் கலங்கியிருக்கும், அப்போது பணம் கட்டாதீர்கள். மதுபானம் இங்கே மலிவு. எல்லை தாண்டிக் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பிடிபடும்.

பிச்சாவரம் முதல் கோடியக்கரைவரை

பயணத்தின் கனம் இந்த நான்கு நாளில்தான் இருக்கிறது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலையைத் தட்டும் ஒடுங்கிய வாய்க்காலுக்குள் போகும். சேற்றிலிருந்து பென்சில்போல் மேலே குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ அலையாத்திக் காட்டில் பலகைப் பாதையில் நின்று பார்த்ததைத் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு அனுபவம். கிளையை ஒடிக்கவோ இலையைக் கிள்ளவோ கூடாது. இங்கே தில்லை மரம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான். மாலையில் கோயிலுக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு இதை நினைவூட்டுங்கள். நண்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடும் என்பதால், பயணம் முழுக்க 12 மணி முதல் 4 மணிவரையான நேரத்தைச் சாலைக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடியில் ஓர் இரவு தங்குங்கள். 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையின் பேரில் டேனியர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடம் நடத்தினார். குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கரை எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதை அதன் அருகில் நின்றால் கண்ணாலேயே அளக்கலாம்.

அடுத்து காரைக்கால் வழியே நாகூர். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா நமக்குப் பழக்கம். அதன் மூலம் இது. இங்கே அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகை சிங்கப்பூருக்கு வந்தவர் அல்ல. கடல் தாண்டி வந்து பிழைத்த மக்கள் அவர் நினைவாக அங்கே எழுப்பினார்கள். ஐந்து மினாராக்களையும் சேர்த்துப் பார்க்க மாலை வெளிச்சம் நல்லது. தலையை மறைக்கத் துணி கொண்டுபோங்கள்.

நாகப்பட்டினத்தில் பழையதைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இராசராசன் காலத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி என்ற பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரே தானமாக எழுதப்பட்டது. கடைசியாக எஞ்சிய கோபுரத்தையும் 1867-ல் இடித்துவிட்டார்கள். அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பார்க்க வேண்டுமானால் முதல் நாளிலேயே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. இருந்தாலும் நாகைத் துறைமுகக் கரையில் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது. தாத்தா பாட்டியைச் சிங்கப்பூருக்கு ரஜூலா கப்பல் ஏற்றிக்கொண்டு போனது இந்தக் கடலில்தான். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், அவர்களுக்கான இரண்டு நாளை இந்த இடத்தில் வையுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால் விருந்தும் கெடும், விமானமும் பதற்றமாகும்.

கோடியக்கரைக்கு வேதாரண்யத்தில் தங்கி விடியற்காலை போங்கள். 1967-ல் அறிவித்த சரணாலயம். வெளிமான் கூட்டம் புல்வெளிக்கு வருவது காலையிலும் மாலையிலும்தான். முறுக்கிய கொம்போடு கருமையாக இருப்பது கிடா, பழுப்பு நிறம் பெட்டை. பூநாரைகள் குளிர்மாதங்களில் வரும், தூரத்தில்தான் நிற்கும், இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமல் போகாதீர்கள். 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு எடுத்த இடமும் வேதாரண்யம்தான். இன்றும் சாலையின் இருபுறமும் உப்பளம்.

இராமேஸ்வரமும் தெற்கும்

அங்கிருந்து இராமேஸ்வரம் 200 கிலோமீட்டருக்கு மேல். வழியில் 1814-ல் சரபோஜி மன்னர் கட்டத் தொடங்கிய மனோரா. நெப்போலியன் தோற்றதற்காகத் தஞ்சைக் கரையில் எழுந்த கோபுரம் அது. கீழே உள்ள கடல் கடற்பசுக்களுக்கான காப்பகம். தொண்டிப் பக்கம் அலையே இல்லாத ஆழமற்ற கரையில், வாடைக்காலம் அல்லாத மாதங்களில், பிள்ளைகள் நிம்மதியாக ஆடலாம்.

இராமநாதபுரத்தில் இறங்கி, ஓட்டுநரை முன்னால் அனுப்பிவிட்டு, நீங்கள் ரயிலில் பாலத்தைக் கடங்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாகத் தூக்கப்படும் வகை. இதற்கு முன் ரயில் ஓடியது 1914-ல் திறந்த பழைய பாலத்தில். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது ஆபத்து.

தனுஷ்கோடிக்கு அதிகாலையில் போங்கள். அரிச்சல்முனைவரை 2017-லிருந்து தார்ச்சாலை. இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல், சில இடத்தில் இரண்டுக்கும் நடுவே சாலை மட்டும். ஒரு பக்கம் கண்ணாடியாகக் கிடக்கும்போதே மறுபக்கம் அலை அடிக்கும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் இந்த ஊரும், வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் போயின. தேவாலயச் சுவர்கள் நிற்கின்றன. நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். முனையில் குளிக்கவே கூடாது, இரு கடல் நீரோட்டமும் மோதும் இடம். மாலையில் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழியில் பவளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடுவோர் மாற்றுத்துணி எடுத்துப் போங்கள், ஈரத்துணியோடு கருவறைப் பக்கம் விடமாட்டார்கள். கல்தரை வழுக்கும், வயதானவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள். கடலில் சொறிமீன் சுட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாமல் கடல்நீரிலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விடுங்கள்.

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்குங்கள். முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். பெட்டியில் போட்டால் பொடியாகிவிடும், தகரடப்பாவில் கைப்பையில்தான் வர வேண்டும். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே வளைந்த கரை. அங்கே அரை நாள் தாராளமாக இருக்கலாம்.

குமரியில் படகு காலை எட்டு மணிக்கு. கச்சான் காலத்திலும் கடல் உள்வாங்கும்போதும் நிறுத்திவிடுவார்கள். வள்ளுவர் பாறையைச் சுற்றி ஆழம் குறைவு என்பதால் முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் போனவர்களும் சிலைக்குப் போக முடியாமல் திரும்புவார்கள். 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தால் அந்தக் குறை தீர்ந்தது. நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதிவரை ஐயப்ப பக்தர் கூட்டம் இருக்கும். விடிந்ததும் வரிசையில் நில்லுங்கள்.

திருவனந்தபுரம் விமான நிலையம் இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான், ஆனால் ஊர் மாற்றி ஊர் நெரிசல், மூன்று மணி நேரம் வையுங்கள். இரவு விமானம் என்றால் வழியில் பத்மநாபபுரம் மர அரண்மனையைப் பார்க்கலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும், கடைசி நாள் திங்களில் விழாதபடி சீட்டு எடுங்கள்.