தேரடியில் கவிதை அடித்துக் கொடுப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனித் திருவிழா நாளில் நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, அதன்மேல் தமிழ் டைப்ரைட்டரை வைத்து, எதிரே ஒரு ஸ்டூலையும் போட்டுவிட்டால் போதும். "ஒரு வார்த்தை சொல்லுங்க, கவிதை அடிச்சுத் தாரேன்" என்ற அட்டையைப் பார்த்து ஆள் வந்துவிடும். அமெரிக்காவில் ஆஸ்டின் போன்ற ஊர்களில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. நமக்கும் இது புதிதில்லை. கொடுத்த பொருளில் நின்ற இடத்திலேயே பாடுவதற்கு ஆசுகவி என்று பெயர் வைத்து, நால்வகைக் கவிகளில் ஒன்றாக எண்ணியவர்கள் நம் முன்னோர். எட்டயபுரம், ஊற்றுமலை ஜமீன்கள் புலவர்களைத் தாங்கிய சீமை இது.

முதல் தவறும் அந்த வழியாகத்தான் வருகிறது. புகழ்ந்து பாடினால் ஜமீன்தாருக்குப் போதும். தேர் பார்க்க வந்த ஆச்சிக்குப் புகழ்ச்சியால் ஒரு பயனும் இல்லை. 'அம்மா' என்று ஒருவர் சொன்னதுமே 'அன்பின் இமயமே' என்று விரல் ஓடினால், அது எல்லோருடைய அம்மாவுக்கும் பொருந்தும்; கேட்டவரின் அம்மா அதில் இருக்கமாட்டார்.

போன ஆனியில் ஓர் ஆச்சி வந்து உட்கார்ந்தார்கள். "எங்க வீட்டு அவிய மேல ஒண்ணு எழுதித் தா எய்யா. போய் மூணு வருசமாச்சு" என்றார்கள். "அவங்களப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் "தங்கமான மனுசன்" என்றுதான் பதில் வந்திருக்கும். அகலமான கேள்விக்கு ஊரே அந்தப் பதிலைத்தான் சொல்லும். அதனால் குறுக்கிக் கேட்டேன்: "தாத்தா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?"

ஆச்சி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள். "செருப்பக் கழட்டி வாசல்ல தெக்க பாக்கப் போட்டுருவாவ. நான்தான் எடுத்து உள்ள வைப்பேன். தெனமும் இதே பாடுதான்."

"இப்ப?"

"உள்ளதான் கெடக்கு."

அடித்துக் கொடுத்தது இதுதான்:

தெற்குப் பார்த்து அவிய கழற்றிய செருப்பை
தினமும் உள்ளே எடுத்து வைத்தேன்.
மூணு வருசமாய் அது உள்ளேயே கிடக்கிறது.
இன்று சாயங்காலம்
வாசலில் எடுத்து வைக்கட்டுமா,
தெற்குப் பார்த்து?

கடைசியில் 'நீங்கள் சிரிக்கிறீர்கள்' என்று ஒரு வரி சேர்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. சேர்க்கவில்லை. தாத்தா சிரித்த முகமா, சிடுசிடுப்பானவரா, எனக்கு எப்படித் தெரியும்? சொல்லாததைச் சேர்ப்பது இரண்டாவது தவறு. துக்க வீட்டுக்காரரிடம் இதைச் செய்தால், அவர் மனதில் இருக்கும் ஆளை நாம் மாற்றி எழுதுகிறோம் என்றாகிவிடும்.

'அவிய' என்பதை 'என்னவர்' என்று திருத்தியிருந்தாலும் அந்தச் சீட்டு செத்திருக்கும். கேட்டவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லாவது அப்படியே தாளில் விழ வேண்டும். அதற்காக வரிக்கு வரி 'ஏலே', 'வே' என்று தூவுவதும் தப்பு. அது சினிமாக்காரர்கள் காட்டும் நெல்லை.

எதுகையைத் தேடிப் போகாதீர்கள். மோனை தானாக வந்து விழும், வரட்டும். எதுகை அப்படியில்லை. 'செருப்பு' என்று தொடங்கிவிட்டு அடுத்த அடிக்கு 'நெருப்பு', 'விருப்பு' என்று அலைந்தால் ஆச்சி வீட்டு வாசலை விட்டே வெளியே போய்விடுவோம்.

இனி மெஷின். தட்டச்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். செல்போனில் பழகிய கைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்தபோது கையாண்ட வழி நகரா விசை. புள்ளியைத் தட்டினால், தாளைத் தாங்கி நகரும் கேரியேஜ் நகராமல் நிற்கும். அதனால் முதலில் புள்ளி, பிறகு எழுத்து. போன் பழக்கத்தில் எழுத்தை முதலில் தட்டினால், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். இன்னொன்று, ஒற்றைத் தாளைச் செருகாதீர்கள். மெல்லிய தாளில் புள்ளி ஓட்டையே போட்டுவிடும். பின்னால் இன்னொரு தாளையும் சேர்த்துச் செருகினால் ரோலருக்கும் நல்லது. குற்றாலம் சீசனில் உட்கார்ந்தால் அடித்த தாளைப் போட பாலிதீன் கவர் கட்டாயம் வேண்டும். சாரல் பட்டு எழுத்து கலங்கிய தாளை யாரிடமும் நீட்ட முடியாது.

தப்பாக அடித்துவிட்டால் மேலேயே திரும்ப அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். 'மலை' என்று அடிக்கப் போய் 'மழை' என்று விழுந்துவிட்டால், மழையை வைத்தே வரியை நடத்திச் செல்லுங்கள். பொதிகைக்கு இந்தப் பக்கம் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று இருப்பதில்லை.

பெயரில் மட்டும் இந்தச் சமாளிப்பு நடக்காது. ஒருமுறை 'செண்பகவல்லி'யை 'செண்பகவள்ளி' என்று அடித்துவிட்டேன். கோவில்பட்டி அம்மனை நேர்ந்து வைத்த பெயர் அது. கவிதை முழுக்க நன்றாக இருந்தும், அந்த அம்மா அந்த ஓர் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு தாளில் முழுதும் திரும்ப அடித்தேன். அன்றிலிருந்து பெயரை அவர்கள் கையாலேயே பென்சிலில் எழுதித் தரச் சொல்லிவிடுகிறேன்.

நீளம் எட்டுப் பத்து வரிக்கு மேல் வேண்டாம், நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காசு அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடுங்கள்.

அடித்த தாளை மடித்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவது பெரிய தவறு. பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் உண்டு, அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நீங்களே வாசித்துக் காட்டுங்கள், அதுவும் பக்கத்தில் நிற்பவர் காதில் விழாத குரலில். ஆச்சி "இன்னொருக்க படி" என்றார்கள். மூன்று தடவை படித்தேன். பிறகு தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

கார்பன் வைத்து நகல் எடுப்பதும், கேட்காமல் போனில் படம் பிடிப்பதும் கூடாது. தாள் அவர்களுடையது. மேலே உள்ள ஆறு வரியும் என் ஞாபகத்தில் இருந்து எழுதியது. வேறு இடத்தில் இதைச் சொல்லலாமா என்று அன்றைக்கே ஆச்சியிடம் கேட்டிருந்தேன்.

"சொல்லு எய்யா. அவிய பேர மட்டும் போட்டுராத."