மிச்ச உயரத்தை நீங்கள் கணக்குப் போடாதீர்கள்

ஒரு வெப் பக்கத்தில் மேலே ஹெடர் (தலைப்பட்டை), கீழே ஃபூட்டர் (அடிப்பட்டை), நடுவில் இருப்பது விண்டோவின் மிச்ச உயரம் முழுவதையும் அடைக்க வேண்டும். கேட்பதற்கு ஐந்து நிமிட வேலை மாதிரி இருக்கும். ஆனால் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுதுகிறவர்களில் இதற்காக ஒரு சாயங்காலத்தையாவது தொலைக்காதவரை நான் பார்த்ததில்லை. நான் தொலைத்தவை பல.

முதல் தவறு கோட் எழுத உட்காருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் சரக்கு திரையைவிட நீளமாகப் போனால் எது ஸ்க்ரோல் ஆக வேண்டும்? முழுப் பக்கமா, நடுப்பெட்டி மட்டுமா? இதை முடிவு செய்யாமலே பலரும் ஆரம்பித்துவிடுகிறோம். கட்டுரைப் பக்கம் என்றால் முழுப் பக்கமும் ஸ்க்ரோல் ஆகட்டும், ஃபூட்டர் கீழே இறங்கட்டும், அதற்கு மின்-ஹைட் போட வேண்டும் (குறைந்தபட்ச உயரம்; இந்த மின், மினிமம், மின்சாரம் இல்லை). சாட், வரைபடம், பில்லிங் ஸ்க்ரீன் என்றால் ஹெடரும் ஃபூட்டரும் அசையக் கூடாது, நடுப்பெட்டிக்குள் மட்டும் ஸ்க்ரோல் வர வேண்டும், அதற்கு ஹைட் (கூடாமல் குறையாமல் இவ்வளவு என்ற உயரம்). ஒன்றுக்குப் போட வேண்டியதை இன்னொன்றுக்குப் போட்டுவிட்டு, மேலே மேலே ஒட்டுப் போட்டுக்கொண்டே போவதில்தான் பாதி நேரம் போகிறது.

அடுத்தது கழித்தல் கணக்கு. ஹெடர் 64 பிக்சல், ஃபூட்டர் 48 பிக்சல், ஆக நடுப்பெட்டிக்கு கால்க் (சிஎஸ்எஸ்ஸின் கணக்குக் கருவி) போட்டு 100விஎச்சிலிருந்து (ஒரு விஎச் என்பது விண்டோ உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு) 112 பிக்சலைக் கழித்துவிடுவது. நானும் ஒரு பஸ் ரூட் வரைபடப் பக்கத்துக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். விண்டோ உயரம் 700 பிக்சல் என்றால் வரைபடத்துக்கு 588. என் லேப்டாப்பில் அச்சு அசலாகப் பொருந்தியது. அப்புறம் மெனுவைத் தமிழாக்கினார்கள். ‘ஹோம்’ இருந்த இடத்தில் ‘முகப்பு’, ‘கான்டாக்ட்’ இருந்த இடத்தில் ‘தொடர்புக்கு’, ‘அபவுட்’ இருந்த இடத்தில் ‘எங்களைப் பற்றி’. சின்னத் திரையில் மெனு இரண்டு வரியாக மடங்கி, ஹெடர் 96 பிக்சல் ஆனது. 96, 588, 48 மூன்றையும் கூட்டினால் 732. விண்டோ 700தான். வெளியே போன அந்த 32 பிக்சலில்தான் ஃபூட்டரில் வைத்திருந்த ஜூம் பட்டன் இருந்தது. “பட்டனைக் காணோம்” என்று போன் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

தமிழ்ப் பக்கம் செய்கிறவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. சொற்கள் நீளம். ஃபான்ட் வந்து இறங்கும்வரை சிஸ்டத்தில் இருக்கும் வேறொரு தமிழ் ஃபான்ட் காட்டப்படும். லைன்-ஹைட்டை நீங்கள் குறிப்பிடாவிட்டால் இரண்டுக்கும் வரி உயரம் வேறாக இருக்கும். ஹெடரின் உயரம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசருக்குத் தெரியும், கழித்தலை அதனிடம் விட்டுவிடலாம்:

பாடிக்கு (மொத்தப் பக்கத்தையும் சுற்றிய பெட்டி) டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் (உள்ளே இருப்பவற்றை அடுக்கி இடத்தைப் பங்கு போடும் முறை), ஃப்ளெக்ஸ்-டைரக்‌ஷன் காலம் (மேலிருந்து கீழான அடுக்கு, நேரம் இல்லை), மின்-ஹைட் 100டிவிஎச் (விஎச்சின் புது வடிவம், விவரம் பின்னால்), மார்ஜின் (வெளிப்புற இடைவெளி) 0. நடுவில் இருக்கும் மெயினுக்கு (நம் நடுப்பெட்டி) ஃப்ளெக்ஸ் 1, அதாவது மிச்சத்தை எடுத்துக்கொள்.

ஹெடர் எவ்வளவு எடுத்தாலும் மிச்சம் மெயினுக்குப் போய்விடும். கிரிட் (கட்டங்களாகப் பிரிக்கும் முறை) பிடித்தவர்கள் மூன்று வரிசையை ஆட்டோ (சரக்குக்கு ஏற்ற அளவு), 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு), ஆட்டோ என்று போட்டாலும் இதே பலன். ஜாவாஸ்க்ரிப்ட்டில் ஹெடரை அளந்து நடுப்பெட்டிக்கு உயரம் வைக்கும் வழக்கமும் இன்னும் இருக்கிறது. அதுவும் இதே கழித்தல்தான், கூடவே போனைப் படுக்கையாகத் திருப்பும்போது மறுபடி அளக்க மறந்துவிடும் வசதியும் சேரும்.

ஹைட் 100% போட்டுப் பார்த்து வேலை செய்யாமல் விழிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சதவீதம் என்றால் எதில் சதவீதம்? தாய் எலிமென்ட்டின், அதாவது அதைச் சுற்றியிருக்கும் பெட்டியின் உயரத்தில். தாய்க்கு உயரம் எங்கிருந்து வருகிறது? எதுவும் சொல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான். ‘நீ எவ்வளவோ அவ்வளவு நான்’ என்று இரண்டு பேரும் சொன்னால் யாருக்கும் உயரம் கிடைக்காது. பிரவுசர் அந்த 100 சதவீதத்தை ஆட்டோவாக எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் எச்டிஎம்எல், பாடி, நடுவில் இருக்கும் ஒவ்வொரு டிவ் (சாதாரணப் பெட்டி) என்று எல்லாவற்றுக்கும் 100% போட வேண்டியிருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனால் மொத்தமும் போச்சு. பழைய டேபிள் பக்கங்களில் ஹைட் 100% தானாக வேலை செய்ததே என்று யாராவது கேட்டால், அந்தப் பக்கத்தின் முதல் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் டாக்டைப் (பக்கம் எந்த வகை என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி) இருக்காது. அது இல்லாவிட்டால் பிரவுசர் குவர்க்ஸ் மோடுக்குப் போய், பழைய காலத்துச் சலுகையைக் கொடுக்கும். டாக்டைப்பைச் சேர்த்த நிமிடமே உயரம் சுருங்கிவிடும்.

இதிலேயே கொஞ்சம் நுட்பமான இன்னொன்று இருக்கிறது. மேலே சொன்ன பாடிக்கு மின்-ஹைட்தான் இருக்கிறது, ஹைட் இல்லை. மெயின் கண்ணுக்கு முழுசாக விரிந்திருக்கும்; ஆனால் அதற்குள் ஒரு டிவ் வைத்து ஹைட் 100% போட்டால் அது விரியாது. ‘குறைந்தது இவ்வளவு’ என்பதை வைத்து பிரவுசர் சதவீதம் போடாது. மெயினையும் ஃப்ளெக்ஸ் காலமாக மாற்றி, உள்ளே இருக்கும் டிவ்வுக்கும் ஃப்ளெக்ஸ் 1 கொடுத்துவிடுங்கள். சதவீதத்தையே தொட வேண்டாம்.

இப்போது சாட் பக்கத்துக்கு வருவோம், எனக்கு அதிகம் நேரம் பிடித்தது இதுதான். பாடிக்கு ஹைட் 100டிவிஎச். மெயினுக்கு ஃப்ளெக்ஸ் 1. மெயின் ஒரு ஃப்ளெக்ஸ் காலம், அதற்குள் மெசேஜ் லிஸ்ட், லிஸ்ட்டுக்கு ஓவர்ஃப்ளோ-ஒய் ஆட்டோ (நிரம்பினால் மேலும் கீழும் ஸ்க்ரோல் ஆகு என்பது). பத்து மெசேஜ் வரை அழகாக இருக்கும். இருநூறு வந்ததும் லிஸ்ட்டுக்குள் ஸ்க்ரோல் வராது. மெயின் ஊதிப் பெருத்து, டைப் செய்கிற பெட்டியைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். ஓவர்ஃப்ளோவை நூறு தடவை மாற்றிப் பார்ப்போம், ஒன்றும் நடக்காது. காரணம், ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் எலிமென்ட்டின் மின்-ஹைட் இயல்பாக ஆட்டோ. உள்ளே இருக்கும் சரக்கைவிடச் சிறியதாக அது சுருங்காது. லிஸ்ட்டுக்கே ஓவர்ஃப்ளோ இருப்பதால் அது சுருங்கத் தயார். சுருங்க மறுப்பது இடையில் இருக்கும் மெயின். அதற்கு மின்-ஹைட் 0 என்று ஒரே வரி போட்டால் தீர்ந்தது. இடையில் இன்னும் இரண்டு டிவ் இருந்தால் அவற்றையும் இதே மாதிரி ஃப்ளெக்ஸ் காலமாக்கி, ஃப்ளெக்ஸ் 1, மின்-ஹைட் 0 இரண்டையும் கொடுக்க வேண்டும். கிரிட்டில் இதே கூத்து 1எஃப்ஆருக்கு நடக்கும். அங்கே மின்மேக்ஸ் (குறைந்தது, அதிகபட்சம் என்ற இரண்டு எல்லை) போட்டு 0, 1எஃப்ஆர் என்று எழுத வேண்டும்.

அந்த ஊதிப்போன நிலையில் ஹெடர் நசுங்குவதையும் பார்த்திருப்பீர்கள். 64 பிக்சல் என்று எழுதியும் உள்ளே இருக்கும் எழுத்தளவுக்கு ஒடுங்கி நிற்கும். ஹெடருக்கும் ஃபூட்டருக்கும் ஃப்ளெக்ஸ் நன் (விரியவும் சுருங்கவும் வேண்டாம்) போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சின்னச் சின்னப் பிழைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேவையில்லாமல் ஒரு ஸ்க்ரோல்பார் வந்து சரியாக 16 பிக்சல் மட்டும் நகர்கிறதா? பாடிக்கு பிரவுசர் தானாக வைக்கும் 8 பிக்சல் மார்ஜின், மேலும் கீழும். பேடிங் (உள்புற இடைவெளி) சேர்த்ததும் வழிகிறதா? பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் ஆக்குங்கள், பேடிங்கும் சொன்ன உயரத்துக்குள்ளேயே அடங்கும். கால்க்கில் கழித்தல் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடாவிட்டால் அந்த வரியையே பிரவுசர் கண்டுகொள்ளாது. ஐஃப்ரேமுக்குக் (பக்கத்துக்குள் வைக்கும் இன்னொரு பக்கம்) கீழே நாலைந்து பிக்சல் இடைவெளி தெரிந்தால் அதற்கு டிஸ்ப்ளே பிளாக். ஐஃப்ரேமுக்கு உள்ளே எழுதும் விஎச், வெளியே இருக்கும் விண்டோவை அல்ல, அந்த ஐஃப்ரேமையே அளக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இதில் எது வந்தாலும் பாடிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் (வழிவதைக் காட்டாதே) போட்டு மறைப்பவர்கள் உண்டு. ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே பாய் விரிக்கிற வேலை அது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற ஒருவர் பக்கத்தை 400% ஜூம் செய்தால், 1280 பிக்சல் அகலத் திரை அவருக்கு 320 பிக்சல் ஆகிவிடும். உயரமும் அதே அளவில் சுருங்கும். மறைத்து வைத்த பகுதி அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இனி போன். 100விஎச் என்பது போனில் நீங்கள் கண்ணால் பார்க்கும் உயரம் இல்லை. அட்ரஸ் பார் ஒளிந்துகொண்ட பிறகு கிடைக்கும் பெரிய உயரம் அது. ஐபோன் சஃபாரி வெகுநாளாக அப்படித்தான். ஆண்ட்ராய்டு குரோமும் 2017-இல் 56-ஆம் பதிப்பில் அதே வழிக்கு வந்தது. பக்கம் திறந்ததும் பார் வெளியே இருப்பதால், அடியில் இருக்கும் ‘அனுப்பு’ பட்டன் அந்த அளவுக்குக் கீழே போய்விடும். கம்ப்யூட்டரில் விண்டோவைச் சுருக்கிச் சோதித்தால் இது தெரியவே தெரியாது, கையில் போனை எடுத்துப் பார்க்க வேண்டும்.

2022-இல் இதற்கு விடிவு வந்தது: எஸ்விஎச் (பார் தெரியும்போது இருக்கும் சிறிய உயரம்), எல்விஎச் (பெரிய உயரம்), டிவிஎச் (அந்தந்த நேரத்து உயரம்). சஃபாரி 15.4, ஃபயர்ஃபாக்ஸ் 101, குரோம் 108 என்று அந்த ஒரே வருடத்தில் மூன்றிலும் வந்துவிட்டது. பழைய பிரவுசருக்காக முதல் வரியில் 100விஎச், அடுத்த வரியில் 100டிவிஎச் என்று எழுதுங்கள். புரியாத வரியை அது தாண்டிப் போய்விடும். ஆனால் எல்லா இடத்திலும் டிவிஎச் போடுவதும் தவறுதான். ஸ்க்ரோல் ஆகும் பக்கத்தின் உச்சியில் முழுத்திரைப் படம் ஒன்றை வைத்து அதற்கு டிவிஎச் கொடுத்தால், விரல் நகரும்போது பார் ஒளிய, படம் நீள, கீழே படித்துக்கொண்டிருந்த வரி குதிக்கும். அங்கே எஸ்விஎச் போதும்.

கீபோர்டு ஏறி வரும்போது இந்த மூன்று அளவுமே தானாகக் குறையாது. சாட் பெட்டி கீபோர்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது அதனால்தான். குரோம் 108 முதல், வியூபோர்ட் மெட்டா டேகில் (திரையில் பக்கம் எப்படிப் பொருந்த வேண்டும் என்று எச்டிஎம்எல்லில் சொல்லும் வரி) இன்டராக்டிவ்-விட்ஜெட் என்பதற்கு ரிசைசஸ்-கன்டென்ட் என்று கொடுத்தால் பக்கமே சுருங்கி வழிவிடும். இதைப் புரிந்துகொள்ளாத பிரவுசர்களில் விஷுவல்வியூபோர்ட்டின் (அப்போது கண்ணுக்குத் தெரியும் பகுதி) உயரத்தை ஜாவாஸ்க்ரிப்ட்டில் வாங்கி வைப்பதுதான் வழி. உயரத்தை நானே அளக்க ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் இது.

கடைசியாக, யாரும் சோதிக்காத ஒன்று: பிரின்ட். நாற்பது வரி உள்ள பில்லுக்கு பிரின்ட் கொடுத்த கடைக்காரர், முதல் பன்னிரண்டு வரி மட்டும் வந்திருந்த தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். திரையில் பார்க்கும்போது ஒரு குறையும் இல்லை. உள்பெட்டி ஸ்க்ரோல் தாளில் ஓடாதே. மீடியா பிரின்ட்டுக்குள் (பிரின்ட்டுக்கு மட்டும் பொருந்தும் சிஎஸ்எஸ் பகுதி) பாடிக்கும் மெயினுக்கும் லிஸ்ட்டுக்கும் ஹைட் ஆட்டோ, ஓவர்ஃப்ளோ விசிபிள், டிஸ்ப்ளே பிளாக் என்று திருப்பி எழுதிய பிறகு, மூன்றாவது தாளின் அடியில் கூட்டுத்தொகை வந்து நின்றது.