பல் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு: கையில் 39 நாள் மட்டுமே இருந்தால்

இந்தியாவில் பி.டி.எஸ். படிப்பில் சேரத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு நடக்கும் அதே நீட் தேர்வுதான் பல் மருத்துவ இடங்களுக்கும் வாசல். தமிழ்நாட்டில் இரண்டு படிப்புகளுக்கும் கலந்தாய்வும் ஒன்றாகவே நடக்கிறது. 2025-ஆம் ஆண்டில் மாநிலப் பாடத்திட்டத்தின் 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 25 அன்று முடிந்தது. நீட் தேர்வு மே 4 அன்று நடந்தது. இடையில் இருந்தவை சரியாக 39 நாள்கள். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பயிற்சி மையத்துக்குச் சென்று வந்தவருக்கு அது திருப்புதலுக்கான காலம். பொதுத்தேர்வை மட்டும் மனத்தில் வைத்துப் படித்தவருக்கோ அதுதான் மொத்தக் காலமும். இந்தக் கட்டுரை இரண்டாமவரை எண்ணி எழுதப்படுகிறது.

தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45, உயிரியலுக்கு 90 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 மதிப்பெண் குறையும். மொத்த மதிப்பெண்ணில் பாதி உயிரியலில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கேற்ப நேரத்தைப் பங்கிடுபவர்கள் குறைவு; இயற்பியல் பயமுறுத்துவதால் அதிலேயே நாளின் பாதியைக் கரைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உயிரியலில் 75 சரி, 10 தவறு என்றால் 290. வேதியியலில் 25 சரி, 8 தவறு என்றால் 92. இயற்பியலில் வெறும் 18 சரி, 7 தவறு என்றால் 65. மொத்தம் 447. இயற்பியலில் 20 வினாக்களைத் தொடாமலே கிடைத்த எண் இது. அது எந்த இடத்தைப் பெற்றுத் தரும் என்பது அந்த ஆண்டின் வினாத்தாளைப் பொறுத்தது. 2024-இல் திருத்தப்பட்ட முடிவுகளின்படி 17 பேர் 720-க்கு 720 பெற்றார்கள். 2025-இல் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686. எனவே சென்ற ஆண்டின் கட் ஆஃப் எண்ணைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு அதைத் துரத்துவதில் பொருளில்லை.

முதல் வேலை, தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்வது. 2024 முதல் பல பாடங்கள் நீக்கப்பட்டுள்ளன. வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல், ஹைட்ரஜன், பலபடிகள், உலோகவியல் ஆகியவை இல்லை. உயிரியலில் தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம், செரித்தலும் உட்கிரகித்தலும் ஆகியவை இல்லை. அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய கையேட்டை வைத்துப் படிப்பவர் இவற்றில் நான்கைந்து நாள்களை இழந்துவிடுவார். மனிதனின் பல் சூத்திரமான 2123/2123 அந்தச் செரித்தல் பாடத்தில்தான் இருந்தது. பல் மருத்துவராக விரும்புகிறவர் இன்று பல்லைப் பற்றிப் படிக்காமலே நுழைவுத் தேர்வைத் தாண்டிவிடலாம்.

39 நாளை 3, 24, 12 என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாளில் பாடம் எதையும் தொட வேண்டாம். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் இரண்டைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 வினாக்கள் இருந்தன, அவற்றில் 180-க்கு விடையளித்தால் போதும். ஆகவே ஒன்று 2025-ஆம் ஆண்டுத் தாளாக இருப்பது நல்லது. மதிப்பெண் எவ்வளவு மோசமாக வந்தாலும் கவலை இல்லை. தவறான ஒவ்வொரு விடைக்கும் எதிரே, பாடமே தெரியாததா, தெரிந்தும் மறந்ததா, வினாவைத் தவறாக வாசித்ததா என்று ஒரு சொல் எழுதுங்கள். “தவறானது எது?” என்ற வினாவைச் “சரியானது எது?” என்று படித்து இழந்த மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தால் பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். அவற்றை மீட்கப் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை.

அடுத்த 24 நாள்கள்தான் உழைப்பு. மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் உயிரியல் நூல்களில் பதினொன்றாம் வகுப்பில் 19, பன்னிரண்டாம் வகுப்பில் 13 என மொத்தம் 32 பாடங்கள். மூன்று நாளுக்கு நான்கு பாடம் என்று போனால் 24 நாளில் முடிந்துவிடும். மாநிலப் பாடநூல் பல இடங்களில் இதைவிட ஆழமானது. ஆனால் வினாக்கள் என்சிஇஆர்டி வரிகளை ஒட்டியே அமைகின்றன. ஏற்கெனவே தெரிந்த பாடத்தை அந்த நூலின் சொற்களில் ஒருமுறை வாசிப்பதே இங்கு வேலை. நூல் அந்நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

வாசிப்பது என்றால் மஞ்சள் மையால் கோடு போடுவது அல்ல. ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கால்வின் சுழற்சியில் ஒரு குளுக்கோஸ் உருவாக 6 கார்பன் டை ஆக்சைடு, 18 ஏடிபி, 12 என்ஏடிபிஹெச் தேவை. சி4 தாவரங்களில் இலை இடைத்திசுச் செல்களில் ரூபிஸ்கோ நொதி இல்லை. கற்றை உறைச் செல்களில் பிஇபி கார்பாக்சிலேஸ் இல்லை. இந்த இரண்டு செய்திகளையும் படித்துவிட்டு நூலை மூடி, எந்தச் செல்லில் எது உண்டு, எது இல்லை என்று ஒரு சிறு அட்டவணை போடுங்கள். தேர்வில் இதே செய்தி, செல்களின் பெயர்களை மட்டும் இடம் மாற்றிய ஒரு கூற்றாக வரும். அல்லது “பொருத்துக” வினாவில் நான்கில் ஒன்றாக வரும். வரியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு கூற்றுகளும் சரி என்றே தோன்றும். அட்டவணை போட்டவர் உடனே பிடித்துவிடுவார். மரபியல், மனித உடலியங்கியல், உயிரித்தொழில்நுட்பம், சூழ்நிலையியல் ஆகியவற்றுக்கு இந்த முறையில் கூடுதல் நேரம் கொடுங்கள். தாவர, விலங்கு வகைப்பாட்டுக்கு எடுத்துக்காட்டுப் பெயர்களை ஒரே தாளில் எழுதித் தினமும் காலையில் ஒருமுறை பார்ப்பதே போதும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டு, 196 கருணை மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் இருபது கலைச்சொற்களையாவது ஆங்கிலத்தில் அடையாளம் காணும் அளவுக்குத் தெரிந்து வைத்திருங்கள். தமிழ் வரி குழப்பினால் அதனுடன் உள்ள ஆங்கில வரி கை கொடுக்கும்.

வேதியியலில் கரிம வேதியியலின் வினைகளை முழுவதும் கற்கும் நேரம் இப்போது இல்லை. மோல் கருத்து, கரைசல்கள், வேதி வினைவேகவியல், மின்வேதியியல் ஆகியவற்றில் கணக்குகள் ஒரு சில வாய்பாடுகளுக்குள் அடங்குபவை. முதல் வகை வினையின் அரை ஆயுட்காலம் 0.693/k என்பதை வைத்தே பல வடிவ வினாக்கள் வந்துள்ளன. அணைவுச் சேர்மங்களும் உயிரியல் மூலக்கூறுகளும் உழைப்புக்கு மேல் பலன் தருபவை. கரிம வேதியியலில் பெயர் பெற்ற வினைகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இயற்பியலில் துணிந்து விட்டுவிடத் தெரிய வேண்டும். சுழற்சி இயக்கம் இதுவரை பிடிபடவில்லை என்றால் இந்த 24 நாளில் பிடிபடப் போவதில்லை. மாறாக, பருப்பொருளின் இருமைப் பண்பு, அணுக்களும் அணுக்கருக்களும், அரைக்கடத்திகள், மின்காந்த அலைகள், மின்னோட்டவியல், அலகுகளும் அளவீடுகளும் ஆகியவற்றில் நேரடியாக வாய்பாட்டில் எண்ணைப் போட்டு முடிக்கும் வினாக்கள் வருகின்றன. 100 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் டிபிராய் அலைநீளம் கேட்டால், 1.227-ஐ வோல்ட்டின் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்து 0.123 நானோமீட்டர் என்று அரை நிமிடத்தில் எழுதலாம். வெர்னியர் அளவி, திருகு அளவி போன்றவையும் இப்போது பாடத்திட்டத்தில் உள்ளன. செய்முறைத் தேர்வுக்காகச் செய்தவைதாம், ஆனால் சுழிப்பிழையின் குறியை மட்டும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் கிடையாது என்பதால் இன்று முதல் எல்லாக் கணக்கையும் கையாலேயே போடுங்கள்.

கடைசி 12 நாளில் ஒருநாள் விட்டு ஒருநாள் முழு மாதிரித் தேர்வு, மறுநாள் அதன் பிழைகளுக்கு. தேர்வு பிற்பகல் 2 முதல் 5 மணி வரை நடப்பதால் மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் எழுதுங்கள். மதியம் சாப்பிட்டதும் தூங்கிப் பழகிய உடம்பு அந்த மூன்று மணி நேரத்துக்குப் பழக வேண்டும். ஓஎம்ஆர் தாளையும் அச்செடுத்து நிரப்புங்கள். 180 வட்டங்களை வட்டத்துக்கு 5 விநாடி என நிரப்பினாலே 15 நிமிடம் ஓடிவிடும். மீதியுள்ள 165 நிமிடத்தில் முதலில் உயிரியலுக்கு 50, அடுத்து வேதியியலுக்கு 50, கடைசியில் இயற்பியலுக்கு 60 என்று வைத்தால் 5 நிமிடம் கையிருப்பு. 47-ஆம் வினாவை விட்டுவிட்டு 48-இன் விடையை 47-இல் நிரப்பி, அதன் பிறகு வரிசையாக எல்லாமே ஒரு வட்டம் தள்ளிப் போன தாள்கள் உண்டு. பத்து வினாவுக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்ப்பது இதற்கு மருந்து. மையால் நிரப்பியதை அழிக்க முடியாது.

“தெரியாததைத் தொடாதே” என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை முழுக்கச் சரியல்ல. நான்கு விடைகளில் ஒன்றைக்கூட நீக்க முடியாமல் குருட்டாம்போக்கில் நிரப்பினால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். அதற்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி ஒன்றரை மதிப்பெண். அப்படிப்பட்ட பத்து வினாக்களைப் பயந்து விட்டவர் 15 மதிப்பெண்ணை விட்டவர் ஆகிறார். மாதிரித் தேர்வுகளில் இந்த வகை வினாக்களுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, உங்கள் ஊகம் எத்தனை முறை பலித்தது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்குப் பாதி பலித்தால் தேர்வு அறையிலும் நிரப்பலாம். ஐந்தில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை என்றால் நீங்கள் நீக்கியதாக நினைத்த விடைகளே தவறு, அந்தப் பாடத்தை மீண்டும் திறக்க வேண்டும்.

தேர்வு மையத்தின் வாயில் 1.30 மணிக்கு மூடப்படும். வேறு ஊரில் மையம் விழுந்திருந்தால் முதல் நாளே அங்கே போய்விடுங்கள். அரைக்கைச் சட்டை, செருப்பு, அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, புகைப்படங்கள் இவை போதும்; பேனா அங்கேயே தருவார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பி.டி.எஸ். இடங்களிலும் உண்டு என்பதால், அதற்கான படிப்புச் சான்றிதழைத் தேர்வு முடிந்த வாரத்திலேயே பள்ளியில் கேட்டு வாங்குங்கள். விடுமுறையில் தலைமை ஆசிரியரைத் தேடுவது சிரமம்.