‘பொம்மை வீடு’ நாடகத்தை வாசிக்கும் முறை

நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் 1879இல் எழுதிய இந்நாடகத்தை வாசிப்பவர், நாயகி நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் முடிவுக்கு ஓடிவிடாமல், கணவனுக்குத் தெரியாமல் அவள் மக்கரூன் என்னும் இனிப்பைத் தின்று வாயைத் துடைத்துக்கொள்ளும் தொடக்கக் காட்சியில் சற்று நிற்க வேண்டும். அடுத்து, பணத்தின் தடத்தைப் பின்தொடருங்கள். கணவன் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாத அக்காலத்தில், நோயுற்ற கணவன் ஹெல்மரை இத்தாலிக்கு அழைத்துச் செல்வதற்காக, கடன் பத்திரத்தில் பிணையாகத் தந்தையின் கையெழுத்தை நோராவே போடுகிறாள். அதன் தேதியோ அவர் இறந்து மூன்று நாள் கழிந்தது! நாடகத்தின் முடிச்சு இந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது, கதவில் அல்ல என்பது என் எண்ணம். கடன் கொடுத்தவனிடமிருந்து பத்திரம் திரும்பி வந்ததும் ஹெல்மர் ‘நான் தப்பித்தேன்’ என்று கூவுவதை உரக்கப் படித்துப் பாருங்கள். ‘நான்?’ என்று நோரா கேட்கும்வரை ‘நாம்’ என்று அவன் வாயில் வரவில்லை. ஜெர்மன் மேடைக்காக, நோரா வீட்டிலேயே தங்கிவிடும் மாற்று முடிவை இப்சனே வேண்டாவெறுப்பாக எழுதினார். அதைக் கடைசியில் படித்தால் போதும்.